பழைய பி வைரஸ் சீறும்போது: எந்த மாத்திரை, எப்போது மாற்று ஈரல்?

"தம்பிக்குப் பத்து வருஷமா ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். தொந்தரவு ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டோம். போன வாரம் கண்ணெல்லாம் மஞ்சள். எஸ்.ஜி.பி.டி. 1,400, பிலிருபின் 9, ஐ.என்.ஆர். 1.7. ஒரு டாக்டர் என்டெகாவிர் எழுதியிருக்கார். இன்னொருத்தர் டெனோஃபோவிர்தான் நல்லதுங்கறார். மாமா கீழாநெல்லியை அரைச்சுக் குடுங்கறார். யார் பேச்சைக் கேக்கிறது டாக்டர்?"

கேட்டவர் ஓர் அக்கா. எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல் சிதைவதைக் காட்டும் ரத்த அளவு; பிலிருபின், மஞ்சள் நிறமியின் அளவு; ஐ.என்.ஆர்., ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண். என்டெகாவிர், டெனோஃபோவிர் இரண்டும் வைரஸை அடக்கும் மாத்திரைகள். ஊரும் எண்களும் மாறுமே தவிர, கல்லீரல் வார்டில் இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்டிருக்கிறேன். குடும்பம் முழுக்க மாத்திரையின் பெயரைப் பற்றி விவாதிக்கும். அதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும். அந்த இரண்டு மாத்திரைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சிறியது. இன்றைக்குத் தொடங்குவதற்கும் பத்து நாள் கழித்துத் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. எப்போது மாற்று ஈரல் பற்றிப் பேச வேண்டும் என்ற கேள்வியை மட்டும் யாரும் நேரத்தில் கேட்பதில்லை. அதனால் எல்லா வழிகளையும் வரிசையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

## முதலில்: இது எவ்வளவு தீவிரம்?

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி ஓசையில்லாத நோய். வைரஸ் ஈரல் செல்களுக்குள் குடியிருக்கும்; உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். ஒரு கட்டத்தில் விழித்துக்கொண்டு, வைரஸ் இருக்கும் செல்களையெல்லாம் அழிக்கத் தொடங்கும். வைரஸைவிட இந்தச் சண்டைதான் ஈரலைக் கெடுக்கிறது. மருத்துவர்கள் 'ஃபிளேர்' என்பது இதைத்தான். நான் சீற்றம் என்கிறேன்.

சில சமயம் இது தானாக வரும். பல சமயம் தூண்டுதல் இருக்கும்: பி வைரஸ் மாத்திரையைத் தன்னிச்சையாக நிறுத்தியது, கீமோதெரபி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி, நாள்கணக்கில் ஸ்டீராய்டு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள். கெட்ட தண்ணீரால் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ மேலே வந்து உட்கார்ந்திருக்கலாம். ஹெபடைட்டிஸ் டி வைரஸும் சேர்ந்திருக்கலாம். காசநோய் மாத்திரையால் ஈரல் கெட்டுப்போய், பழி பி வைரஸ் மேல் விழுவதும் உண்டு. ஆகவே இவற்றுக்கான பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

தீவிரத்தை அளக்க எஸ்.ஜி.பி.டி. உதவாது. 1,400 இருந்தும் நன்றாக நடமாடுபவர்கள் உண்டு. ஆபத்தைச் சொல்பவை மூன்று: பிலிருபின், ஐ.என்.ஆர்., நோயாளியின் மனத்தெளிவு. "எஸ்.ஜி.பி.டி. 1,400லேர்ந்து 300க்கு வந்துடுச்சு, குணமாயிடுச்சு" என்று சந்தோஷப்படும் வீட்டில் அதே நாள் பிலிருபின் 9லிருந்து 18க்கு ஏறியிருந்தால், அழிய இனிச் செல்லே மிச்சமில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவருக்குப் பிலிருபின் 5 மி.கி.க்கும் ஐ.என்.ஆர். 1.5க்கும் குறையாமல் இருந்து, நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீரோ மனக்குழப்பமோ வந்தால், நாள்பட்ட நோயின் மேல் வந்த திடீர் ஈரல் செயலிழப்பு என்று ஆசிய பசிபிக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் வரையறுத்திருக்கிறது. மனக்குழப்பத்தை முதலில் கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பார். கையெழுத்து கோணும். வழக்கமாகச் சாந்தமானவர் எரிந்து விழுவார். இதைக் கண்டால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயம். வைரஸை எவ்வளவு வேகமாக இறக்கும்? கெட்டுப்போன ஈரல், தடுமாறும் சிறுநீரகம் இரண்டுக்கும் அது பாதுகாப்பா? நாளைக்கு வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளுமா? மாத்திரை விலைக்கு மேல் என்ன செலவு? கடைசியாக, இந்த வழி பலிக்காவிட்டால் அடுத்த வழிக்குப் போக நேரம் மிச்சமிருக்குமா? ஐந்தாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

## காத்திருந்து பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறி, மஞ்சள் இல்லாமல், ஐ.என்.ஆர். சரியாக இருக்கும் இளைஞருக்கு இந்தச் சீற்றமே நன்மையில் முடியலாம்: உடம்பு தானாகவே வைரஸை அடக்கி, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்துபோகும். அத்தகையவரை மூன்று முதல் ஆறு மாதம் அடிக்கடி ரத்தம் பார்த்துக் கவனிப்பதை வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன.

மஞ்சளும் ஐ.என்.ஆர். ஏற்றமும் வந்த பிறகு இந்த வழி மூடிவிட்டது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் ஒருவகைக் காத்திருப்புதான். ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு அன்றே தொடங்கலாம். முடிவு பின்னால் வரட்டும்.

ஒரு குழப்பம். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைட்டிஸ் பி தொற்றினால், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருந்தில்லாமலே குணமாவார்கள். "எங்க சித்தப்பா சும்மாவே சரியாயிட்டார்" என்னும் கதைகள் அங்கிருந்து வருபவை. பத்து வருடமாக பாசிட்டிவாக இருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

## கீழாநெல்லி

மாமாவைக் கேலி செய்ய மாட்டேன். அவர் நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் அசல் ஆய்வே இருக்கிறது, அதுவும் நம்ம ஊரில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டது. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. வெற்றுப்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது இருக்கட்டும், சென்னை ஆய்வில் இருந்தவர்கள் வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்கள், ஐ.என்.ஆர். ஏறி வார்டில் படுத்திருந்தவர்கள் அல்லர். அந்த ஆய்வு முழுக்கச் சரி என்று வைத்துக்கொண்டாலும், தம்பியின் நிலைக்கு அது பதில் சொல்லாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பத்தியம். மஞ்சள் காமாலைக்கு உப்பு, எண்ணெய், பருப்பு எல்லாம் விலக்கிக் கஞ்சியில் வைத்திருந்தால், ஈரல் கெட்ட உடம்பு தசையைத் தின்னத் தொடங்கும். இவர்களுக்குப் புரதம் தேவை. இரண்டு, கலவை. கீழாநெல்லி என்று வாங்கும் சூரணத்தில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் பாதித்தவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சீற்றம் அடங்கும்வரை எந்தப் பச்சிலையும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

## லாமிவுடின்

1998இல் ஹெபடைட்டிஸ் பி-க்கு அனுமதி பெற்ற முதல் மாத்திரை. தினம் 100 மி.கி. மலிவு, பக்கவிளைவு குறைவு, வைரஸையும் சட்டென்று இறக்கும். பிலிருபின் 20ஐத் தாண்டும் முன் தொடங்கியவர்கள் நன்றாகப் பிழைத்தார்கள் என்ற முக்கியமான பாடத்தைத் தைவான் மருத்துவர்கள் கற்றதும் இந்த மருந்தை வைத்துத்தான்.

பிரச்சினை பின்னால் வரும். ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு வைரஸ் இதற்குப் பழகிவிடும். அதுவே அடுத்த சீற்றத்துக்குக் காரணமாகும். அதோடு, லாமிவுடினுக்குப் பழகிய வைரஸ் என்டெகாவிரின் பலத்திலும் பாதியைப் பறித்துவிடும். இன்று மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய்க்கு நாளைக்கு நல்ல மாத்திரை ஒன்றை இழக்கிறோம். வேறெதுவும் கிடைக்காத ஊரில், முதல் சில நாளைக்கு இதை வைத்துத் தொடங்குவதில் தவறில்லை. அதற்கு மேல் இதை நான் எழுதமாட்டேன்.

## என்டெகாவிர்

புதிய நோயாளிக்குத் தினம் 0.5 மி.கி.; ஈரல் தள்ளாடும் நிலையிலோ முன்பு லாமிவுடின் சாப்பிட்டவருக்கோ 1 மி.கி. வீரியமான மருந்து. முன்பு எதுவும் சாப்பிடாதவருக்கு ஐந்து வருடத்தில் வைரஸ் பழகுவது சுமார் 1 சதவீதம்தான். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் தீங்கு செய்யாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தால் மருந்தின் அளவை மட்டும் குறைக்க வேண்டும்.

இதைப் பற்றி இரண்டு பயங்கள் உலவுகின்றன. 2011இல் ஹாங்காங்கில் கடுமையான சீற்றத்துக்கு என்டெகாவிர் பெற்ற 36 பேரையும் லாமிவுடின் பெற்ற 117 பேரையும் பின்னோக்கி ஒப்பிட்டார்கள். 48 வாரத்தில் இறந்தவர்கள் முறையே 19, 4 சதவீதம். வைரஸ் நன்றாக இறங்கியும் மரணம் கூடியிருந்தது. அதைப் படித்து நாங்களே கொஞ்ச நாள் கை தயங்கினோம். பின்னர் தைவானிலிருந்து வந்த ஒப்பீடுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத சிறு கூட்டத்தில் யார் முதலிலேயே அதிகம் நோயுற்றவர் என்பதே முடிவை மாற்றிவிடும்.

இரண்டாவது பயத்தில் சாரம் இருக்கிறது. 2009இல் ஜெர்மனியில் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிப்போன நிலை) உள்ள 16 பேரில் 5 பேருக்கு இந்த மருந்தில் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. ஐவரும், ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்ட் மதிப்பெண் 20ஐத் தொட்டவர்கள், ஒருவர் இறந்தார். மற்றவர்களுக்கு மருந்தை நிறுத்தியதும் சரியானது. ஆகவே மெல்ட் 20க்கு மேல் உள்ளவருக்கு இதைக் கொடுத்தால், லாக்டேட் (லாக்டிக் அமில அளவு) பார்க்கும் வசதி உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும்.

யாரும் சொல்லாத சின்ன விஷயம் ஒன்று. இது வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரை. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ. வார்டில் காலை இட்லியோடு எல்லா மாத்திரைகளையும் மொத்தமாக விழுங்க வைத்துவிடுவார்கள். நானே எத்தனையோ முறை ரவுண்டில் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

## டெனோஃபோவிர், பழையதும் புதியதும்

பழையது டி.டி.எஃப்., தினம் 300 மி.கி. சாப்பாட்டோடும் சாப்பிடலாம். அனுமதிக்காக நடந்த ஆய்வுகளில் எட்டு வருடம் தொடர்ந்தும் வைரஸ் இதற்குப் பழகியதாக உறுதிப்படவில்லை. லாமிவுடின் சாப்பிட்டுப் பலன் போனவருக்கு இதுதான் மருந்து.

சீற்றத்தில் ஈரல் செயலிழந்தவர்களிடமே குலுக்கல் முறையில் செய்த ஆய்வு இதற்கு இருக்கிறது. டெல்லியில் நடந்து 2011இல் வெளியானது. மொத்தம் 27 பேர். டெனோஃபோவிர் பெற்ற 14 பேரில் 8 பேர் மூன்று மாதம் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 13 பேரில் 2 பேர். 57க்கு 15 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். மருந்து உயிர் காத்தது. மருந்து கொடுத்தும் 14 பேரில் 6 பேர் இறந்தார்கள். இரண்டாவது வாசிப்பை வீட்டாரிடம் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: இரண்டு வாரத்தில் வைரல் லோடு நூறில் ஒரு பங்காகக் குறைந்தவர்களே பெரும்பாலும் பிழைத்தார்கள். அதனால் பதினான்காம் நாள் வைரல் லோடு பார்ப்பது வீண் செலவல்ல.

குறை, சிறுநீரகமும் எலும்பும். ஈரல் செயலிழக்கும்போது சிறுநீரகம் தானாகவே தடுமாறும். அப்போது கிரியேட்டினின் ஏறினால் மருந்தாலா நோயாலா என்று பிரித்தறிய முடியாது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமான கிரியேட்டினின் கிளியரன்ஸ் 50க்குக் கீழே போனால் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, இன்னும் தள்ளியோ கொடுக்க வேண்டும்.

புதியது டெனோஃபோவிர் அலஃபெனமைடு, 25 மி.கி. சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் இதமானது. ஈரல் செயலிழந்த நிலையில் இதற்கான அனுபவம் குறைவு என்பதால் அத்தகையவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்றே மருந்துக் குறிப்பு சொல்கிறது. பின்னர் வந்த சில ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கும், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், கார்பமசெபின் சாப்பிடுபவருக்கும் இது ஒத்துவராது. காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் இதைக் கேட்காமல் எழுதக் கூடாது.

| | லாமிவுடின் | என்டெகாவிர் | டெனோஃபோவிர் (பழையது) | டெனோஃபோவிர் அலஃபெனமைடு |
|---|---|---|---|---|
| வைரஸ் பழகுவது | மிக அதிகம் | புதியவருக்குக் குறைவு | ஏறக்குறைய இல்லை | ஏறக்குறைய இல்லை |
| சிறுநீரகம் | தீங்கில்லை | தீங்கில்லை | கவனம் | இதமானது |
| ஈரல் மிகவும் கெட்டிருந்தால் | கொடுக்கலாம் | லாக்டேட் பார்க்கணும் | கொடுக்கலாம், கிரியேட்டினின் பார்க்கணும் | அனுபவம் குறைவு |
| கர்ப்பிணிக்கு | இரண்டாம் தேர்வு | வேண்டாம் | முதல் தேர்வு | மருத்துவரைக் கேட்டு |
| சாப்பாடு | எப்படியும் | வெறும் வயிறு | எப்படியும் | சாப்பாட்டோடு |

எதைத் தொடங்கினாலும் முதல் நாளே எச்.ஐ.வி. பார்த்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருப்பவருக்கு இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்தால் எச்.ஐ.வி. அதற்குப் பழகிக்கொள்ளும். பணத்தைப் பொறுத்தவரை, 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசுச் சிகிச்சை மையங்களில் மாத்திரை இலவசம். பெரிய செலவு காலம்தான்: பெரும்பாலோருக்கு இது பல வருட, சிலருக்கு ஆயுள் மாத்திரை. நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்தியவர்கள் அடுத்த சீற்றத்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன், முதல் தடவையைவிட மோசமாக.

## ஊசியும் ஸ்டீராய்டும் பிளாஸ்மாவும்

இன்டர்ஃபெரான் ஊசி சாதாரண நாளில் நல்ல மருந்தாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டித்தான் அது வேலை செய்கிறது. எரியும் ஈரலில் அது எண்ணெய். தீவிரச் சீற்றத்தில் கூடாது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு எதிர்த்திசையில் போகும். சில நாடுகளில் ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்க்கிறார்கள். கிருமித் தொற்றுக்குக் கதவு திறந்துவிடும் என்பதால் நான் விலகியே இருக்கிறேன்.

பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது) ஒரு பாலம். வேலூர் சி.எம்.சி.யில் எலிமருந்தால் ஈரல் கெட்டவர்களுக்கு அதைச் செய்து நல்ல அனுபவம் பெற்றிருக்கிறார்கள். பி வைரஸில் அது சில நாள் அவகாசம் வாங்கித் தரலாம். அந்த அவகாசத்தை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று தெரியாமல் தொடங்கினால், பில் மட்டும் ஏறும்.

## மாற்று ஈரல்

மாத்திரை வைரஸை இறக்கும். இறந்த செல்லை உயிர்ப்பிக்காது. மெல்ட் 30ஐத் தாண்டி, ஒரு வாரத்தில் குறையாமல், மனக்குழப்பமும் கூடினால் மாற்று ஈரல் ஒன்றுதான் மிச்சம். காலம் கடந்து கிருமித் தொற்று ரத்தத்தில் பரவியபின் அறுவை சிகிச்சைக் குழுவே கை விரித்துவிடும். அதனால் ஐ.என்.ஆர். 2ஐ நெருங்கும்போதே மாற்று ஈரல் செய்யும் மையத்துக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். அங்கே போய் மாத்திரையிலேயே தேறித் திரும்பினால் நல்லதுதானே.

மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலுக்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிய வேண்டும். ஆனால் வரிசை நாள்கணக்கில் நகராது. அவசரத்தில் கைகொடுப்பது உறவினரின் பாதி ஈரல். இங்கேதான் பலருக்கும் தெரியாத இடி. இந்த வைரஸ் பல சமயம் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது. அதே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் அதே வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கொடுக்கத் துடிப்பவர்கள் ஒவ்வொருவராக ரத்தப் பரிசோதனையிலேயே கழிந்துபோவார்கள். மனைவியோ கணவரோ வளர்ந்த பிள்ளையோ கடைசியில் மிஞ்சுவார். எனவே மாத்திரை தொடங்கும் அன்றே வீட்டில் எல்லோருக்கும் பி வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாருங்கள், தானத்துக்காக மட்டும் அல்ல, அவர்களுக்காகவும்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு. அதற்குப் பிறகும் வைரஸ் மாத்திரை தொடரும், புது ஈரலை உடம்பு எதிர்க்காமல் தணிக்கும் மாத்திரைகள் சேரும், சிலருக்கு வைரஸ் திரும்பாமல் தடுக்க விலையுயர்ந்த இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும்.

## அந்தத் தம்பிக்கு

அக்காவிடம் நான் திருப்பிக் கேட்டது மூன்று. கிரியேட்டினின் எவ்வளவு? முன்பு லாமிவுடின் சாப்பிட்டாரா? காசநோய், வலிப்பு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? கிரியேட்டினின் 0.9, மற்ற இரண்டும் இல்லை. அந்த நிலையில் இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் சரி. எனக்கு டெனோஃபோவிர் பக்கம் சாய்வு, கிரியேட்டினின் 1.5 என்றிருந்தால் என்டெகாவிர் என்றிருப்பேன். எதுவானாலும் இன்று ராத்திரியே முதல் மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐ.என்.ஆர்., கையில் மாற்று ஈரல் மையத்தின் போன் நம்பர் என்றேன்.

ஐ.என்.ஆர். 2.1 வரை ஏறி, மூன்றாம் வாரம் 1.3க்கு இறங்கியது. தம்பி வீட்டுக்குப் போன அன்று அக்கா தன் ரத்த ரிப்போர்ட்டை நீட்டினார். பாசிட்டிவ். அவருக்கு எஸ்.ஜி.பி.டி. 32. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்தே வருகிறார்கள்.